புரோகோப்பின் காது

சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். புர்னோவில் எங்கள் தெருவில் அதை யாரும் சண்டை என்று நினைப்பதில்லை.

புரோகோப்பைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன் தோழரே. கம்ப்ரசரின் சுழலி காற்றை வீசும். அதைச் சுற்றியுள்ள டிஃப்யூசர் வளையம் அந்த வேகத்தைத் தணித்து அழுத்தமாக்கும். வளையத்தின் தகடுகளை நான் சுழலிக்கு வெகு அருகில் நெருக்கி வைத்தேன். திறன் இரண்டு சதவீதம் ஏறியது. வார்ப்புப் பட்டறைக் கூலியின் மகன் நான். வரைபட மூலையில் என் பெயர் முதன்முறையாகத் தனியாக நின்றது.

அப்படிப்பட்ட வளையத்தில், உள்ளே வரும் காற்று குறைந்தால் அது திணறித் திருப்பி அடிக்கும். இயந்திரமே வெடிக்கலாம். அதனால் சோதனையில் வால்வை மெல்ல மூடிக்கொண்டே போய், உறுமல் தொடங்கும் இடத்தில் எல்லைக் கோடு போடுவோம். அதைத் தாண்டி யாரும் ஓட்டக் கூடாது. அழுத்தமானியின் முள் துடிக்கும் முன்பே உறுமல் காதுக்குத் தெரியும். கேட்டுச் சொல்வது கூடத்தின் மூத்த தொழிலாளி புரோகோப்பின் வேலை.

“தோழர் இன்ஜினியர், உங்க வளையம் இங்கயே உறுமுது. கோட்டை முன்னாடியே போடுங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“காதுல பன்னிக் கொழுப்பை அப்பிட்டு வந்தீங்களா?”

கூடமே சிரித்தது. அவர் சொன்ன இடத்தில் கோடு போட்டால் ஓட்டும் வரம்பு சுருங்கிவிடும், வளையத்தைக் கழித்துவிடுவார்கள். நான் அவரைக் காது வைத்தியரிடம் அனுப்பினேன். முப்பது வருஷம் அங்கே நின்றவருக்குக் கீச்சொலிகள் கேட்கவில்லை. உறுமலோ கீச்சொலி அல்ல, அடித்தொண்டைச் சத்தம். அதை நான் வைத்தியரிடம் சொல்லவில்லை. செவிடு என்று சான்றிதழ் வந்தது. கோட்டை என் இஷ்டத்துக்குப் போட்டேன். புரோகோப்பை வெளியூர் நிறுவல் குழுவுக்கு மாற்றினார்கள்.

உரத் தொழிற்சாலையில் அதே கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தபோது என்ன நடந்தது என்று புரோகோப்பின் குழுவில் இருந்த ஃபிட்டர் லுமீர் சொன்னான்.

“‘உறுமுதாடா?’ன்னு என்னைக் கேட்டாரு. எனக்கென்ன தெரியும்? ‘நான்தான் செவிடன்னு எழுதிட்டாங்களே, இன்ஜினியர் கோடு இன்னும் வரலை’ன்னு சிரிச்சுக்கிட்டே வால்வை இன்னொரு சுத்து மூடினாரு.”

கம்ப்ரசரின் மூடுபெட்டி பிளந்தது. லுமீர் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். புரோகோப் வால்வருகில் நின்றிருந்தார்.

புரோகோப்பின் அடக்கத்தின்போது அவர் மனைவி போஷேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்குக் காது போனதை நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. கூடவே இருந்த எனக்குத் தெரியலை பாருங்க” என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் காதில் பழுதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். அன்று கூடத்தில் அந்த உறுமல் எனக்கும் கேட்டது.