குதிகால் எலும்பு

இந்தப் பொலிஸ் ஸ்டேஷனில் பிளேன்டீ நன்றாக இருக்கிறது, சார்ஜன் மாத்தயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன். பயமில்லை, சந்தோஷம்தான்.

பெயர் அமல்ராஜ். எஹலியகொடப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வாச்சர். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கட்டடத்தைத் தோட்டத்தில் மூடிவிட்டார்கள், சாவி என்னிடம். பக்கத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயம் எதுவும் இல்லை.

அங்கே ஒரு காட்டுப்பன்றிக் குட்டியை வளர்த்தேன். பலகையடித்த நாலடிக் கூண்டு. வளர்ந்த பிறகு திரும்ப இடமில்லை. ஆனால் வேளை தவறாமல் தவிடும் பலாக்கொட்டையும். இரண்டு வருடத்தில் அது செத்தபோது, பல்கலைக்கழகத்தில் எலும்புகளை ஆராயும் ஆஸியா மிஸ் கேள்விப்பட்டு வந்தார். அதன் குதிகால் எலும்பைக் கழுவி, காட்டில் செத்த ஒரு பன்றியின் எலும்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க அண்ணே. ரெண்டும் ஒரே இனம். ஆனா உங்க பன்றியோடது வேற வடிவம். ஓடித் திரியாம அடைஞ்சு கெடந்து எலும்பே மாறிப்போச்சு."

அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கோ தரையில் கால் பாவவில்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பலகையையும் ஆணியையும் வைத்து, ஆண்டவர் செய்த எலும்பை மாற்றியிருக்கிறேன். பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி ஜொய்சி மட்டும் சிரிக்கவில்லை.

"வாயில்லாத சீவனை வதைச்சுட்டுப் பாட்டு வேற பாடுறீங்களா? நான் குவைத்துக்கே போறேங்க. உங்களோட இருக்க முடியாது."

பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தாள். ரப்பர் பால் வெட்டப் பதினைந்து வருடம் மலையேறி இறங்கிய கால்கள் அவளுடையவை. என்ன உறுதியான குதிகால். அந்த யோசனை வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குவைத்துக்குப் போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. இங்கிருந்து எத்தனையோ பேர் வீட்டு வேலைக்கு அங்கே போகிறார்கள். கூண்டை ஆறடியாக்கினேன். அவள் கால் நீட்டிப் படுக்க வேண்டுமே. ஞாயிறுதோறும் கோழிக்கறி, கிறிஸ்மஸுக்குப் புதுச் சட்டை. முதல் வருடம் கத்தினாள். பிறகு பழகிவிட்டாள்.

போன வாரம் ஆஸியா மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். மனுச எலும்பு மாற அஞ்சு வருசம் போதுமா மிஸ் என்று கேட்டேன்.

"யாரோட எலும்பு அண்ணே?"

சொன்னேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். நேற்று நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், நான்தான் அடைத்தேன். அப்படியே எழுதுங்கள். கொடுமை என்று மட்டும் எழுத வேண்டாம். நீங்களே பார்த்தீர்களே, உங்கள் ஆட்கள் பலகையைப் பெயர்த்துவிட்டு "வெளிய வாங்க" என்று எத்தனை தடவை கூப்பிட்டார்கள். அவள் அவர்களையே பார்த்தபடி கிடந்தாள், எழுந்திருக்கவே இல்லை. என்னை விட்டுப் போக மனம் வரவில்லை அவளுக்கு.