மாணிக்கம்மாள் வாயை மூடிக்கொண்ட நாலாம் நாள்

— இன்னா தாத்தா இது, வாசல்ல பந்தக்கால் நடுறாங்க? பாட்டி மூச்சு வுட்டுனுதானே கீறாங்க?

— மூச்சு கீது சிஸ்டர். ஆனா வாய மூடிக்கினா. இன்னியோட நாலு நாளு. கூழு வேணாம், மாத்திர வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க மலையில வாய மூடிக்கினாங்கன்னா கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். நாளிக்கு காலைல பால் ஊத்துறோம். நீங்களும் ஒரு வாய் ஊத்திட்டுப் போங்க. ஒன்றர வருசமா மாத்திர குடுத்த கை.

— நாலு நாளா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?

— கெளம்புறவள எதுக்கும்மா தடுக்கணும்? நாப்பத்தெட்டு வருசம் என்கூட பேசினா. மழ நிக்கும், மாணிக்கம்மா பேச்சு நிக்காது. இவ வாயத் தொறந்தா ஜமுனாமரத்தூர் பஸ்ஸு பயந்துனு வேற வழியில போவும். பக்கவாதம் வந்து நாக்கு உழுந்தப்புறமும் வுடலியே, கண்ணாலயே திட்டினா! இப்ப அந்தக் கண்ணையும் மூடிக்கினா.

— தள்ளுங்க, பாக்குறேன். பாட்டி… மாணிக்கம்மா பாட்டி… தொட்டா மூஞ்சியத் திருப்புறாங்களே. இந்தக் கன்னம் எப்பத்துலேர்ந்து வீங்கினு கீது?

— ஒரு பக்கமாவே படுத்துனு கீறா. அழுந்தியிருக்கும்.

— ஒடம்பு அனலா கொதிக்குது தாத்தா. டார்ச்சு புடிங்க. ஒதட்ட மட்டும் வெலக்கிப் பாக்குறேன்.

— புடிக்கிறேன். ஆனா பல்லுல கொற சொன்னீங்க, இந்தத் தாண்டவராயன் சண்டைக்கு வருவான், ஆமா. கல்யாணமான புதுசுல இவ கரும்பு ஒடச்சா எதுத்த மலையில மாடு மெரளும். காவலூர்ல வானத்தப் பாக்குதே அம்மாம் பெரிய கண்ணாடி, அதத் திருப்பி இவ வாயில வெச்சாலும் ஒரு சொத்த ஆப்டாது.

— நீங்களே குனிஞ்சி பாருங்க.

— இன்னா சிஸ்டர் அது? அடியில கறுப்பா?

— பல்லோட மேல் பக்கம் நல்லாத்தான் கீது. வயசாக வயசாக ஈறு எறங்கி, வேரு வெளிய வந்துடுச்சி. வேரு அந்த மேல் பக்கம் மாதிரி கெட்டி இல்ல தாத்தா, சீக்கிரம் அரிச்சிடும். அரிச்சி, உள்ள சீழ் வெச்சிகீது. இன்னா குடுத்தீங்க இவங்களுக்கு?

— தேனு! கடைத் தேனுன்னு நெனச்சிடாதீங்க. எழுவத்தோரு வயசுல நானே பாறையில தொங்கி எடுத்தது. ஐநூறு ஈ கொட்டிச்சி. ஐநூறு இன்னா, ஆயிரம்! அந்த பிபி மாத்திரையால நாக்கு காஞ்சி ஒட்டிக்கிதுன்னு மணிக்கு ஒரு தரம் தடவுவேன். ராத்திரியில துணிய தேன்ல நனச்சி கன்னத்துல அடக்கி வுடுவேன். கொழந்த கணக்கா சப்பினு தூங்குவா. எந்த ராசா பொண்டாட்டிய இப்டிப் பாத்தான், சொல்லுங்க?

— பல்லு தேச்சி வுட்டீங்களா?

— தேச்சா ஈறுல ரத்தம் வந்துச்சி. பாவமா இருந்துச்சி, வுட்டுட்டேன்.

— எச்சி ஊறினா இனிப்பக் கழுவி வுடும். மாத்திர அதக் காய வெச்சிடுச்சி, ராவெல்லாம் தேன் வேருல ஊறிக்கீது. வாய் காஞ்சா தண்ணியில பஞ்ச நனச்சி ஒத்தி வுடணும், அவ்ளோதான். படுக்கறதுக்கு முன்ன மெத்துனு ஒரு பிரஷ்ஷு, பட்டாணி அளவு பேஸ்ட்டு, ஈறு ஓரமா மெதுவா தேச்சிருந்தா போதும். வேரு கெடாம இருக்க மேல பூசற மருந்து கூட ஆஸ்பத்திரியில கீது.

— நீங்க ஒரு நாளும் இதச் சொல்லலியே, கோகிலா சிஸ்டர்.

— சொல்லல. பிபி பாத்தேன், மாத்திர குடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், வண்டி ஏறிட்டேன். ஒரு தரம் கூட வாயத் தொறங்கன்னு கேக்கல. அது என் தப்பு தாத்தா.

— அப்ப… இவ கெளம்பலியா?

— வலி தாத்தா! பல்லு வலி! தொறந்தா உயிரு போவுது, சொல்றதுக்கு நாக்கு இல்ல. அதான் மூடிக்கினாங்க.

— என் மேல கோவம்னு நெனச்சேன். மொத நாளு அப்டித்தான் நெனச்சேன். அப்புறம்தான் ஆளுங்க சொன்னாங்க, கெளம்பிட்டா, ஒறவுக்கெல்லாம் சொல்லியனுப்பிடலாம்னு. மவன் பார்த்திபன் போளூர்லேர்ந்து வண்டி வெச்சினு பந்தல் சாமானோட வந்துட்டான்…

— நல்லதாப் போச்சி. அதே வண்டியிலயே இவங்கள ஏத்துங்க, ஆம்புலன்ஸு மலையேற ரெண்டு மணி நேரம் ஆவும். சீழ் கழுத்துக்கு எறங்கினா நெஜமாவே போய்டுவாங்க. பார்த்திபா! பந்தல வுடுப்பா, கட்டில தூக்க ஆள் கூட்டினு வா! தாத்தா, போர்வ எடுங்க. தாத்தா? இன்னா இப்டி ஒக்காந்துட்டீங்க? எழுந்திரிங்க!

— போன ஆடியில எங்க அண்ணன் வாய மூடினான் சிஸ்டர். அவனுக்கும் கன்னம் வீங்கினுதான் இருந்துச்சி. வேணாம் வேணாம்னு தலைய ஆட்டினான். தாடைய அழுத்தித் தொறந்து, மொத பால் நான்தான் ஊத்தினேன்.