மொய் இல்லாத மண்டபம்

திங்கட்கிழமை காலை, நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் திருத்தாத நோட்டுக் கட்டை மடியில் வைத்திருந்த டீச்சர், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்.

"இந்த வாட்டி அரெஸ்ட்டு சுமார்தாங்க. சாம்பார் சாதத்துல உப்பே இல்ல."

"அரெஸ்ட்டா?"

"சனிக்கிழம சம்பளப் போராட்டத்துக்கு மெட்ராஸ் போனோம்ல. புடிச்சிகினு போயி கல்யாண மண்டபத்துல ஒக்கார வெச்சு, சோறு போட்டு, சாயங்காலம் வுட்டுட்டாங்க. இந்த வருசம் கல்யாணத்துக்குப் போனதவிட அரெஸ்ட்டாயி போன மண்டபம்தான் ஜாஸ்தி. மொய் எழுதுற செலவும் இல்ல."

"இன்னும் அதே பிரச்சனதானா டீச்சர்?"

"அதேதான். பக்கத்து கிளாஸ் டீச்சர் எனக்கு ஒரு வாரம் முன்னாடி வேலைக்குச் சேந்தாங்க. அதுக்குள்ள சம்பளத்த கொறச்சுட்டாங்க. அவங்களுக்குப் பழைய சம்பளம், எனக்குப் புதுசு. அதனால அவங்க சொல்லித்தர்ற 'அ'வுக்கு ரேட்டு ஜாஸ்தி. ஒங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல பர்மனென்ட்டு ஆளுங்க செய்யற அதே வேலைக்குக் கான்ட்ராக்ட்டு கூலி வாங்குறவரு, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்தப் பெண் சிரித்தார். "சங்கத்துல என்னதான் சொல்றாங்க?"

"எங்க தலைவரு பழைய சம்பளம் வாங்குறவரு. சம வேலைக்குச் சம ஊதியம்னு மைக்குல அவருதான் அழுவாரு. கேட்டா நமக்கே அவரு மேல பாவமா இருக்கும்."

டீச்சர் மடியில் சரிந்த நோட்டுக் கட்டை நேராக்கிக்கொண்டார்.

"மண்டபத்து வாசல்ல ஒரு போலீசு எங்கள எண்ணிகினு இருந்தான். என்கிட்ட ரெண்டாங்கிளாஸ் படிச்சவன். 'பேசாம லைன்ல வாங்க டீச்சர்'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது, லைன்ல போனேன். கத்துக்குடுத்ததே நான்தான."