கணக்குல ஒருத்தர்

...ஒருத்தராம், தம்பி. நான் பாத்துக்குற ப்ராசசர்ல எங்க குழு தர்ற லினக்ஸை ஓட்டுறது இந்த உலகத்துலயே ஒரே ஒருத்தராம். கணக்கெடுத்துச் சொல்றாங்க. பையை அங்கேயே வைங்க, இடைஞ்சல் இல்ல. வண்டி இப்போதைக்குக் கிளம்பாது. இந்த ஊல்ட்சன் ஸ்டேஷன்ல நின்னுச்சுன்னா நின்னதுதான்.

ஹம்பர்க்ல ரெண்டு மணிக்கு எங்க குழுக் கூட்டம். அடுத்த பதிப்புல எந்தெந்த ப்ராசசர் இருக்கும், எது போகும்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. போற பட்டியல்ல முதல் பேரு என்னோடது. பதினேழு வருஷமா பாக்குறேன், தம்பி. சம்பளமா கிம்பளமா, ஒன்னும் கிடையாது. வயித்தெரிச்சலா இருக்கு.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை இல்லையா? அதனால என்ன, கேளுங்க. கேஸ் அடுப்புப் பக்குவத்தை அப்படியே விறகடுப்புல வச்சா அடிபிடிக்கும்ல? அதே கதைதான். ஒவ்வொரு ப்ராசசருக்கும் எல்லா புரோகிராமையும் தனியா ஆக்கி எடுக்கணும். பதினோராயிரம் இருக்கு. தீஞ்சா யாரு கிளறுறது? நாந்தான்.

அதுக்குன்னே எங்க வீட்டு நிலவறையில நாலு கம்ப்யூட்டர் பொட்டி ஓடுது. சூடா இருக்கேன்னு என் வீட்டுக்காரர் ராய்மண்ட் துணியை அதுக்கு மேல காயப்போடுவாரு. போன மார்கழியில அவரு காலுறை விழுந்து காத்தாடி நின்னு, மூணு நாள் வேலை போச்சு. அதையும் குறைன்னு எழுதிட்டான் எங்க குழுவுல இருக்குற அந்த ஹென்னிங். எங்களைத் தூக்கணும்னு முதல்ல எழுதினவனே அவன்தான்.

ஆளில்லாமலா இருக்கு? ஒரு ஊர்ல நெசவாலையே இதுலதான் ஓடுது. எந்த ஊரா? அதெல்லாம் சொல்ல மாட்டேன். அது அவங்க சொந்த விஷயம்.

அப்ப ஏன் கணக்குல வரலங்கறீங்களா... வண்டி அசையுற மாதிரி இருந்துச்சு. இல்ல, பக்கத்து வண்டி.

அது வந்து... லினக்ஸைப் போடும்போது ஒரு கேள்வி வரும். உங்க பொட்டியையும் எண்ணிக்கட்டுமான்னு. வேணும்னா சரின்னு அழுத்தலாம், வேணாம்னா விடலாம். என்னோட ப்ராசசருக்கு வழிகாட்டி எழுதினதும் நாந்தான். அதுல கொட்டை எழுத்துல போட்டிருக்கேன், 'வேண்டாம்னு அழுத்தவும்'னு. எண்பத்தேழுல இங்க ஜெர்மனியில மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீடு வீடா வந்தப்ப கதவைத் திறக்காத கூட்டம் தம்பி நாங்க. எங்களை எண்ணுறதுக்கு நீ யாருன்னு கேட்டவ, இத்தனை வருஷம் கழிச்சா எண்ணிக்கோன்னு சொல்லுவேன்? எங்க ஆளுங்களும் சொன்னா சொன்னபடி கேக்குறவங்க. ஒருத்தர் விடாம வேண்டாம்னு அழுத்திட்டாங்க.

சரி, நாங்களும் இதை ஓட்டுறோம்னு கடுதாசியாவது போடுங்கன்னு அவங்ககிட்ட கெஞ்சினேன். நாப்பத்தொன்னு வந்துச்சு, இந்தா, பையில இருக்கு. படிச்சா கண்ணு கலங்கும். பேரு, ஊரு எல்லாத்தையும் கறுப்பு மையால அடிச்சு நகல் எடுத்துட்டு, மூலத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். பின்ன, அடுத்தவங்க பேரைக் கூட்டத்துல நீட்டலாமா? இப்ப எது யாருதுன்னு எனக்கே தெரியல. நீங்களே உக்காந்து எழுதினதான்னு ஹென்னிங் கேட்டா, இல்லன்னு காட்ட எங்கிட்ட ஒன்னுமில்ல.

என்ன, அந்த ஒருத்தர் நாந்தானான்னா? நானா? என் நாலு பொட்டியையும் நான் எண்ண விடுவேனா!

அது ஹென்னிங் தம்பி. போன மாசம் ஒரு பொட்டியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கான், ஓடுதா இல்லையான்னு. வழிகாட்டியைப் புரட்டக்கூட இல்ல. கேட்டதுக்கெல்லாம் சரி, சரின்னு அழுத்திட்டான். அவனே கடிதத்துல எழுதியிருந்தான்.

அதான் முதல்ல அவனைப் பிடிக்கணும். ஓட்டு எப்படி வேணா போட்டுக்கோ, கூட்டம் முடியிற வரைக்கும் அந்தப் பொட்டியை மட்டும் அணைச்சிராதப்பான்னு கேக்கணும். பதினேழு வருஷத்துல நான் யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல.

என்ன எழுந்துட்டீங்க... இறங்குறீங்களா? இன்னும் கதவே திறக்கலியே, தம்பி.