ஜலீல் பாயிடம் தமிழில் கேட்ட பிரேமாவதி அக்காவுக்கு

பேச்சிழந்து வந்தோரின் பொறுமைத் துணையே! குருண் செம்பருத்தி மறுவாழ்வு மையத்தின் பேச்சுப் பயிற்சி அறையை இருபத்தொன்பது ஆண்டுகள் அன்பால் ஆண்டு இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பிரேமாவதி அக்கா அவர்களே! வணக்கம்.

தங்கள் பணியை வரிசையாக எழுதிப் பார்த்தோம். ஆண்டுகளும் சான்றிதழ்களும் இருந்தன. தாங்கள் அதில் இல்லை. ஆகவே ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சு எவ்வளவு திரும்பும் என்று கணிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி சென்ற ஆண்டு நம் மையத்துக்கு வந்தது. மூளைப் படத்தையும் பேச்சுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கொடுத்தால், நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். இருபதுக்குக் கீழ் வந்தால் ஆறு வாரத்தோடு பயிற்சியை நிறுத்தி, இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதென முடிவாகியிருந்தது. கோலா கெடாவில் சாப்பாட்டுக் கடை நடத்திய ஜலீல் பாய்க்குப் பதினான்கு வந்தது.

அதை அவர் மனைவி மெஹருன்னிசாவிடம் சொல்லத் தாங்கள் வாயெடுக்குமுன் அவரே முந்திக்கொண்டார்.

"தேர்வு வெச்ச அந்தப் பொண்ணு எல்லாத்தையும் மலாய்லயே கேட்டுச்சுக்கா. கடையில மலாய் பேசுவாருதான். ஆனா முப்பது வருசத்துல என்னை ஒரு நாளும் மலாய்ல திட்டினதில்ல லா!"

தாங்கள் சிரித்தீர்கள். அடுத்த நொடியே எழுந்து எங்களிடம் வந்தீர்கள். படிவத்தில் மொழிக்கு ஒரே கட்டம்தான். கடைக்காரர்தானே என்று நாங்கள் மலாய் என நிரப்பி, தேர்வையும் அதிலேயே வைத்திருந்தோம்.

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லிருச்சாக்கா?" என்று கேட்டோம்.

"அது மேல பழி போடாதீங்கம்மா. நாம குடுத்ததத்தான் அது படிச்சுச்சு. வாங்க, தமிழ்ல கேட்டுப் பாப்போம்."

கடிந்து ஒரு சொல் இல்லை. மறுதேர்வு இரண்டு மணி நேரம் நடந்தது. கணிப்பு நாற்பத்தாறுக்கு ஏறியது, பயிற்சி தொடர்ந்தது. முழுப் பேச்சும் திரும்பிவிடவில்லை. மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கவும், சோறு கேட்கவும், திட்டவும் போதுமான அளவு திரும்பியது. இப்போது படிவத்தில் மொழிக்கு மூன்று கட்டங்கள் இருக்கின்றன.

தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டுமென்று இந்த இடத்தில் நாங்கள் வாழ்த்த வேண்டும். அதைத் தாமே சொல்வதாக ஜலீல் பாய் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் இருக்கிறார். மூன்று வாரமாக வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் நேரமாகும். நடுவில் யாரும் சொல்லெடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அக்கா, தாங்களும்தான்.

மாறா அன்புடன்,
பேச்சுப் பயிற்சிப் பிரிவு ஊழியர்கள்,
குருண், கெடா