கார்த்திகை மீனும் திருகாணியும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்கப்பா. இது நம்ம பிச்சைமணியோட சித்தப்பா கருத்தக்கண்ணனுக்கு நடந்தது.

ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணாம் வருசம், மார்கழி அமாவாசை. ராத்திரி எட்டு மணி. தேவாரத்துக்கு மேற்க மலையேறுற ஒத்தையடித் தடம்... ஆள் நடமாட்டமே கிடையாது. மேல மொட்டைப் பாறையில, அந்தக் காட்டை ஆண்ட வெள்ளைக்காரத் துரை வானத்து மீனைப் பாக்குற பித்தளைக் குழாயை நிறுத்தியிருந்தான்.

கார்த்திகை மீன் கூட்டத்துக்குள்ள, வாயால ஊதின ஆவி மாதிரி ஒரு வெளிச்சம் இருக்காம். கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடித் தட்டை நாலு மணி நேரம் தொறந்து வச்சாத்தான் படமா விழும். மீன் நகர நகரக் குழாயும் நகரணும். அதுக்குத்தான் கருத்தக்கண்ணன். அதோட ஒட்டியிருந்த சின்னக் குழாயில கண்ணை வச்சு, ஒரு மீனைக் குறுக்குக் கம்பியில நிறுத்தி, திருகாணியைத் திருகிக்கிட்டே இருக்கணும். கை நின்னா மீனெல்லாம் கோடா இழுபட்டுத் தட்டு பாழ்.

கீழ அவன் சோளக்காட்டுப் பரணுக்கடியில தீ எரிஞ்சது. யானை வராம இருக்கப் போட்ட தீ. பொஞ்சாதி சங்கிலியம்மாள் பரண்ல காவல் இருந்தா.

"புகை வானத்தைக் கலக்குது. போய் அணைச்சிட்டு வா. இல்லேன்னா உன் மாடு இனி மேய மலையேறாது"ன்னான் துரை.

கருத்தக்கண்ணன் இறங்கிப் போனான்.

"நேத்துத்தேன யானை வந்து வயித்தை நெப்பிட்டுப் போச்சு. இன்னைக்கு வராது புள்ள."

"ஆமா, உங்க சம்பந்தி வீட்டு யானை. சொல்லிட்டுப் போயிருக்கு!"

குடத்துத் தண்ணியை அவனே ஊத்தினான். உஸ்ஸுனு அடங்குச்சு. ஒம்போது மணிக்கு மேல பாறையில வந்து திருகாணியைப் பிடிச்சான்.

பத்து மணி இருக்கும்... கீழ சோளத்தட்டை முறியுது. மடக்... மடக்... காத்துல யானை மூத்திர வாடை. பரண்கால் ஒடிஞ்சது.

"மாமோ..."

துரை மடியில துப்பாக்கி இருந்தது. வானத்தைப் பாத்து ஒரு வேட்டுப் போட்டிருந்தா யானை விலகியிருக்கும். அவன் அதை எடுத்துக் கருத்தக்கண்ணன் பிடரியில வச்சான்.

"திருகு."

இன்னொரு தடவை கூப்பிட்டா. மூணாந்தடவை கூப்பிடலை. இவன் திருகினான்.

கொஞ்ச நேரங்கழிச்சுத் தடத்துல காலடி. சப்... சப்... கசங்கின பச்சைத்தட்டை வாடை பக்கத்துல வந்து உக்காந்துச்சு. உசுரோட வந்துட்டா! அவனுக்கு அழுகை முட்டுச்சு. கண்ணை எடுக்க முடியலை. அவன் கை மேல ஒரு கை படிஞ்சது. உள்ள எலும்பே இல்லாத கை.

காதோரமாக் கேட்டா.

"தீயை யாரு அணைச்சா?"

"துரை சொல்லித்தேன்..."

"சொன்னவனைக் கேக்கலை மாமா."

"...நாந்தேன்."

திருகாணி மட்டும் கிர்... கிர்ருனு ஓடிக்கிட்டிருந்தது.

ஒரு மணிக்குத் துரை மூடியைப் போட்டு லாந்தரைப் பொருத்தினான். சபாஷ்னு தோளைத் தட்டினான். கருத்தக்கண்ணன் உக்காந்த வாக்குலயே சாஞ்சான். கழுத்து வெறைச்சிருந்தது. தொறந்த கண்ணுல எறும்பு மொச்சிருந்தது. செத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு.

துரை அங்கனயே தட்டை மருந்துல கழுவினான். அந்த ஆவி வெளிச்சம் அழகா விழுந்திருந்தது. நாலு மணி நேரத்துல... ஒரு மீன்கூடக் கோடா இழுபடலை.