பத்தாவது சான்று

ஐயா, யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எனக்கு வராது. பல்கலைக்கழக நூலகத்தின் உதவி மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன். ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்குக் கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பதுதான் வேலை. விழி பிதுங்க வருவார்கள், சிரித்துக்கொண்டே போவார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சுகம்.

மருந்தியல் படித்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். குழந்தைகளுக்கு வரும் வலிப்புக்கான ஒரு மருந்தைப் பற்றி எழுதினாள். பத்துச் சான்றுகளாவது வேண்டும் என்பது துறைத்தலைவரின் கறார். ஒன்பது கிடைத்துவிட்டன. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மடங்கு கொடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது எழுதியிருப்பாங்கல்ல?"

"எழுதாமலா இருப்பாங்க? நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா."

தலைகீழாக நின்று தேடினேன். யாரும் எழுதவில்லை. அவள் திரும்புவதற்குள் நானே எழுதினேன்: இரண்டு ஆசிரியர்கள், ஒரு தலைப்பு, எப்போதோ நின்றுபோன ஓர் இதழ், பக்க எண். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வரி. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.

அவள் பாஸானதோடு கதை முடிந்தது என்றிருந்தேன். ஆராய்ச்சிக்காரர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஒருவர் பட்டியலில் இருப்பதை அடுத்தவர் அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்வார், மூலத்தைக் கரைத்துக் குடித்தவர் மாதிரி. ஆறு வருடத்தில் நாற்பத்தொரு பேர் என் வரியை எடுத்தாண்டார்கள். பிறகு அது ஒரு மருத்துவமனையின் மருந்தளவுக் கையேட்டிலும் ஏறியது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூலத்தைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். அந்த மருத்துவமனையின் குழந்தை மருத்துவர். பாவம், தூங்கி நாளாகியிருக்கும்.

"கையேட்டுல இருக்கிற அளவுதான் சார் கொடுத்தோம். ஒரு குழந்தை கண்ணே முழிக்கல. எனக்கு அந்த அளவு மேலயே சந்தேகம். கட்டுரையை ஒரு தடவை பாத்துட்டேன்னா நிறுத்தறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிடுவேன்."

அப்படி ஒரு கட்டுரையே இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கி, நாலு பக்கம் தட்டச்சு செய்து, பழைய தாளில் நகலெடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"அப்போ மருந்து காரணமில்ல. ரொம்ப தேங்க்ஸ் சார்."

நிம்மதியாகப் போனார். எனக்கும் நிம்மதி.

அதே மாதம் இன்னும் இரண்டு குழந்தைகள் இறந்தன என்கிறீர்கள். மறுக்கவில்லை. செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாலு பக்கத்தையும் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஐயா. அதில் நூற்றுப்பன்னிரண்டு குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட ஒரு தும்மல் வரவிடவில்லை. குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு இளகின மனசு.